கையால் செய்யும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ரேகை மரம்: பலகைத் தேர்வு முதல் மெருகு வரை

இரண்டு சொற்களை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். மரத்துக்குள் நார்கள் ஓடும் திசையை இங்கே ‘நார் ஓட்டம்’ என்கிறேன். அந்த நார்கள் நெளிந்தோ சுழன்றோ ஓடுவதால் பலகையின் முகத்தில் தெரியும் அலை, கொப்புளம், கண் போன்ற தோற்றத்தை ‘ரேகை’ என்கிறேன். கிட்டார் செய்யத் தொடங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், சில பலகைகளைக் கெடுத்தும் பலவற்றைக் காப்பாற்றியும் நான் அறிந்துகொண்ட பதில்களும் கீழே இருக்கின்றன.

ரேகை என்பது மரத்தின் நிறமா? கிட்டாரை அசைக்கும்போது அது ஏன் நகர்வதுபோல் தெரிகிறது?

நிறமில்லை, ஒளி. இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

மரத்தை நுண்குழல்கள் சேர்ந்த கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். குழலின் பக்கவாட்டுச் சுவர் மேலே தெரியும் இடத்தில் ஒளி பட்டுத் திரும்புகிறது. அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். குழலின் வெட்டுவாய் மேல்நோக்கி நிற்கும் இடத்தில் ஒளி உள்ளே போய்விடுகிறது. அந்த இடம் இருட்டாகத் தெரியும். நார்கள் அலை அலையாக ஓடும் மரத்தில் இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன. பலகையைச் சற்றுச் சாய்த்தால் ஒளி விழும் கோணம் மாறுகிறது. இருண்ட பட்டை வெளிச்சமாகிறது, வெளிச்சப் பட்டை இருளுகிறது. வைடூரியக் கல்லுக்குள் ஓடும் ஒளிக்கீற்றும், பட்டுத் துணியின் மினுக்கமும் இதே வகைதான்.

ஆகவே நாம் செய்யும் ஒவ்வொரு வேலையையும், இழைப்பது, தேய்ப்பது, சாயம் போடுவது, மெருகு ஏற்றுவது எல்லாவற்றையும், ஒரே கேள்வியால் அளக்கலாம்: ஒளி நார்வரை போய்த் திரும்பி வருகிறதா, நடுவழியில் தடுக்கப்படுகிறதா?

ஃபிளேம், குவில்ட், பேர்ட்ஸ்ஐ என்கிறார்களே, இவற்றில் என்ன வேறுபாடு?

ஃபிளேம் என்பது நார் ஓட்டத்துக்குக் குறுக்கே போகும் பட்டைகள், புலிவரி போல. வயலின் முதுகுப் பலகைகளில் நூற்றாண்டுகளாகப் பார்ப்பது இதைத்தான். ஐரோப்பாவில் அதற்குச் சிக்கமோர் மேப்பிள் பயன்பட்டது. குவில்ட் என்பது மெத்தையில் பஞ்சு உப்பியதுபோல் கொப்புளம் கொப்புளமாகத் தெரிவது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வளரும் பிக்லீஃப் மேப்பிளில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. பேர்ட்ஸ்ஐ என்பது சிறு சிறு கண்கள். கடின வகையான சுகர் மேப்பிளில் அதிகம். இவை தவிர, மரத்தின் முடிச்சுப் புடைப்பிலிருந்து எடுக்கும் பர்ல், பூஞ்சை பிடித்துக் கருங்கோடு வரைந்த ஸ்பால்டட், வால்நட், ஹவாய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வளரும் கோவா என்று பட்டியல் நீளும்.

பெயர்களைவிட முக்கியமானது அறுத்த விதம். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால் ஃபிளேம் அழுத்தமாகவும் சீராகவும் தெரியும். குவில்ட்டும் பேர்ட்ஸ்ஐயும் நேர்மாறு: வளையங்கள் முகத்துக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருக்கும் தட்டை அறுப்பில்தான் அவை பொலியும். ஒரே அடிமரம், தவறான திசையில் ரம்பம் போனால் வெறும் பலகை.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

படத்தை நம்பி வாங்காதீர்கள். விற்பனைப் படங்களில் பலகையை ஈரப்படுத்தி, ரேகை எந்தக் கோணத்தில் உச்சமாகத் தெரிகிறதோ அந்தக் கோணத்தில் எடுத்திருப்பார்கள். அது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கோணம் மட்டும் போதாது. பலகையை விளக்கின் கீழ் மெதுவாகத் திருப்பும் காணொளி கேளுங்கள். எல்லாக் கோணத்திலும் ஏதோ ஒரு ரேகை உயிரோடு இருந்தால் அது நல்ல பலகை. ஒரே ஒரு கோணத்தில் மின்னி மற்றவற்றில் செத்துப்போனால், மேடையில் வாசிப்பவரின் கையிலும் அப்படித்தான் இருக்கும்.

நேரில் பார்க்க முடிந்தால், விற்பவரிடம் கேட்டுக்கொண்டு நாஃப்தா என்ற கரைப்பானை ஒரு துணியில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் ஆவியாகிவிடும், நாரை எழுப்பாது. மெருகு ஏறியபின் பலகை ஏறக்குறைய எப்படி இருக்கும் என்பதை அந்தச் சில நிமிடங்கள் காட்டிவிடும். வெடிப்பு, பசைக்கறை, கனிமக் கீற்று எல்லாம் அப்போதே வெளிப்படும்.

கிட்டார் உடலின் வடிவத்தை ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி எடுத்துப் போங்கள். அதில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தச் சுருள்) குழிகள், பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் ஊன்றும் பாகம்), கழுத்துக் குழி ஆகியவற்றையும் வரைந்துவையுங்கள். பலகையின் மேல் நகர்த்திப் பார்த்தால், நீங்கள் மயங்கிய ரேகையில் பெரும்பகுதி பிக்கப்புக்குக் கீழேயே போகிறது என்று தெரியவரும். என் முதல் குவில்ட் பலகையில் மிக அழகான கொப்புளங்களை நானே ரவுட்டர் என்ற குடைவு இயந்திரத்தை வைத்துத் தூளாக்கினேன். அன்றே அந்தத் தகட்டை வெட்டினேன்.

ஈரப்பதம் அவ்வளவு முக்கியமா?

ஆம். 6 முதல் 8 சதவீதம் வரை இருக்கும் பலகையை எடுங்கள்; ஈரமானியை முனையில் மட்டும் வைக்காமல் நடுவிலும் வைத்துப் பாருங்கள். பட்டறைக்கு வந்த பிறகும் காற்று எல்லாப் பக்கமும் படும்படி குச்சிகள் வைத்து அடுக்கிச் சில வாரங்கள் விட்டுவைக்க வேண்டும். மரம் வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்கும் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரேகை மரத்தில் நார்கள் திசைமாறிக்கொண்டே இருப்பதால் இந்த இழுபறி இடத்துக்கு இடம் மாறும். அவசரப்பட்டு ஒட்டினால் நடு இணைப்பு திறந்துகொள்ளும்.

மேல்பலகை எவ்வளவு தடிமன் வேண்டும்?

உடலின் முகத்தில் ஒட்டும் ரேகைப் பலகைதான் மேல்பலகை. வளைவாகச் செதுக்கும் உடலுக்கு 16 முதல் 19 மி.மீ. தட்டையான உடலின் மேல் ஒட்டுவதற்கு 5 அல்லது 6 மி.மீ. போதும். 0.6 மி.மீ. வெனீர் என்ற மெல்லிய மரத்தாளும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் தேய்க்கும்போது மன்னிப்பே கிடையாது.

குவில்ட்டைச் செதுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: செதுக்கச் செதுக்க வெட்டுமுகத்தின் கோணம் மாறும், கொப்புளங்கள் நீண்டு பட்டைகளாகிவிடும். வளைவின் விளிம்பில் ஃபிளேம் போலவும் நடுவில் குவில்ட் போலவும் தெரியும். எனக்கு அது பிடிக்கும். வாடிக்கையாளருக்குப் பிடிக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

புக்மேட்ச் செய்த மேல்பலகையில் ஒரு பாதி இருட்டாகவும் மறுபாதி வெளிச்சமாகவும் தெரிகிறது. சாயம் சரியாகப் போடவில்லையா?

சாயத்தின் குற்றமில்லை. கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இருண்ட பாதி வெளிச்சமாகவும், வெளிச்சப் பாதி இருட்டாகவும் மாறியிருக்கும். சாயக் கோளாறு என்றால் அப்படி இடம் மாறாது.

புக்மேட்ச் என்றால், பலகையைத் தடிமனின் நடுவில் பிளந்து, ஏட்டை விரிப்பதுபோல் விரித்து நடுவில் ஒட்டுவது. ரேகை கண்ணாடிப் பிம்பம்போல் இரு பக்கமும் பொருந்தும். ஆனால் விரித்தவுடன், ஒன்றையொன்று பார்த்திருந்த இரு உள்முகங்களும் ஒரே தளத்துக்கு வருகின்றன. ஒரு பாதியில் நார்கள் கழுத்தை நோக்கி மேலெழுந்தால், மறுபாதியில் அவை வால்பக்கத்தை நோக்கி மேலெழும். ஒரே விளக்கின் ஒளியை இரண்டும் எதிரெதிர்த் திசையில் திருப்புகின்றன. நார்ச் சாய்வு அதிகமானால் இந்த வேறுபாடும் அதிகம். சாய்வு அதிகமான பலகையில் வெட்டுவாய்கள் அதிகம் திறந்திருப்பதால் சாயத்தையும் கூடுதலாகக் குடிக்கும்.

எந்த மெருகாலும் இதை மறைக்க முடியாது. பலகை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஓரத்துண்டு கிடைத்தால் உளியை வைத்துப் பிளந்து பாருங்கள். ரம்பம் நேர்கோட்டில் போகும், பிளவு நாரைப் பின்பற்றும். பிளந்த முகம் அறுத்த முகத்திலிருந்து எவ்வளவு விலகிப் போகிறதோ அவ்வளவுதான் சாய்வு.

ஃபிளேமில் இன்னொன்றும் கவனிக்கலாம். நடு இணைப்பில் ஒரு பக்கத்து வெளிச்சப் பட்டை மறுபக்கத்து இருண்ட பட்டையைச் சந்திக்கும். அலையின் மேடு ஒரு முகத்தில் மேடாகவும் எதிர்முகத்தில் பள்ளமாகவும் இருப்பதன் விளைவு அது. தவறில்லை. கிட்டாரை அசைக்கும்போது இரு பாதிகளும் மாறி மாறி மூச்சுவிடுவதுபோல் தெரியும்; புக்மேட்ச்சின் அழகே அதில்தான் இருக்கிறது என்பேன்.

இழைக்கும்போது நார் பிய்ந்து பள்ளம் விழுகிறது. எப்படித் தடுப்பது?

நேர்நார் மரத்தில் “நாரோடு இழை” என்பார்கள். அலைநார் மரத்தில் அந்த அறிவுரைக்கு இடமே இல்லை. ஒவ்வோர் அலையிலும் பாதி நாரோடு, பாதி நாருக்கு எதிராகத்தான் அலகு போகும். எந்தத் திசையில் தள்ளினாலும் அப்படித்தான்.

நாருக்கு எதிராகப் போகும்போது அலகு நாரை வெட்டுவதற்கு முன்பே நெம்பிக் கிளப்பிவிடுகிறது. நெம்பலைக் குறைக்க அலகின் கோணத்தைக் கூட்ட வேண்டும். வழக்கமான இழைப்புளியில் அலகு 45 பாகையில் நிற்கும்; ரேகை மரத்துக்கு 55 முதல் 60 பாகை நல்லது. அலகின் தீட்டிய சரிவு மேல்நோக்கி அமர்ந்த இழைப்புளியில், அலகு படுக்கும் படுகை 12 பாகை என்றால், அலகை 45 பாகைக்குத் தீட்டினால் மொத்தம் 57 வந்துவிடும். வாய் குறுகலாக இருக்க வேண்டும். சீவலின் வழியே அந்தப்புறம் தெரியும் அளவுக்கு மெலிதாக வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கூர்மை. மற்ற மரத்துக்குப் போதுமான கூர்மை இதற்குப் போதாது.

இயந்திரத்தில் இழைப்பவர்கள் ஒரு தடவைக்கு மிகக் குறைவாக எடுங்கள், முகத்தை ஈரத் துணியால் லேசாகத் துடைத்துவிட்டுச் செலுத்துங்கள். நார் இளகி, பிய்வதற்குப் பதிலாக வெட்டுப்படும். டிரம் சாண்டர் கிடைத்தால் கடைசி 2 மி.மீ. முழுவதையும் அதில் முடித்துவிடுவது என் வழக்கம். கையில் சுரண்டு தகடு இருந்தால் சிறு பள்ளங்களை அதனால் சரிசெய்யலாம். ரவுட்டரில் உடலின் கொம்புப் பகுதியைச் சுற்றிவரும்போதுதான் பெரிய துண்டாகப் பெயரும் ஆபத்து அதிகம். முதலில் ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு அறுத்து, மீதியை மட்டும் ரவுட்டருக்கு விடுங்கள்.

உப்புத்தாளில் எந்த எண் வரை தேய்க்கலாம்?

சாயம் போடுவதானால் 220 வரை. அதற்கு மேல் 400, 600 என்று பளபளக்கத் தேய்த்தால் வெட்டுவாய்கள் நசுங்கி மூடிக்கொள்ளும், சாயம் இறங்காது, ரேகையின் அழுத்தம் குறையும். சாயமே இல்லாமல் எண்ணெய் மட்டும் என்றால் 320, 400 வரை போகலாம்.

சுழலும் சாண்டர் விட்ட வளையக் கீறல்கள் வெறும் மரத்தில் தெரியாது. சாயம் பட்டதும் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். ஆகவே கடைசி எண்ணைக் கட்டையில் சுற்றி, கையால், நீளவாக்கில் தேயுங்கள். பிறகு ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, எழுந்த நாரை லேசாகத் தேய்த்தெடுங்கள். தண்ணீரில் கரைத்த சாயமானால் இதை இருமுறை செய்வது நல்லது.

ரேகையை எடுத்துக்காட்டச் சாயம் போடும் முறை என்ன?

முதலில் ஒரு அடர்நிறச் சாயம். வெட்டுவாய் திறந்த பட்டைகள் ஆழமாகக் குடிக்கும், பக்கவாட்டு நார்கள் மேலோட்டமாக மட்டும் ஏற்கும். நன்றாகக் காய்ந்தபின் 220, அடுத்து 320 தாளால் தேய்த்தெடுத்தால் மேலோட்டமானது போய்விடும், ஆழமானது நிற்கும். இருண்ட பட்டைகள் இப்போது உண்மையாகவே இருண்டிருக்கும். அதன்மேல் விரும்பிய நிறம்.

பலரும் முதல் சாயத்துக்குக் கருப்பை எடுக்கிறார்கள். நான் எடுப்பதில்லை. கருப்பு சிறிது அதிகமாகத் தங்கினாலும் மேலே வரும் மஞ்சளும் சிவப்பும் அழுக்கடைந்துவிடும். தேன்நிறம் வேண்டுமென்றால் முதலில் அடர்பழுப்பு. நீலம் வேண்டுமென்றால் முதலில் இருண்ட நீலம். சிவப்புக்கு அடியில் சாக்லேட் நிறம். நிறம் தன் இனத்தின் மேல் உட்காரும்போது ஆழம் கிடைக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: முதல் சாயத்தை மிகக் கடுமையாக்கினால் ரேகை உறைந்துவிடும். பட்டைகள் எந்தக் கோணத்திலும் ஒரே இடத்தில் நிற்கும், வரைந்ததுபோல். தூரத்திலிருந்து கண்ணைப் பறிக்கும், கையில் எடுத்தால் அசைவு இருக்காது. ரேகையே பலமாக இருக்கும் பலகைக்கு இந்த முறையே தேவையில்லை; மெல்லிய ரேகைக்குத்தான் இது உதவி.

சாயத்தின் கரைப்பான் பற்றியும் சொல்ல வேண்டும். ஆல்கஹாலில் கரைத்தது உடனே காயும், நாரை அவ்வளவாக எழுப்பாது; ஆனால் பெரிய பரப்பில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த கோடுகள் தெரியும். தண்ணீரில் கரைத்தது மெதுவாகக் காயும், ஓரங்களைக் கலைத்துவிட அவகாசம் தரும். கையால் தேய்த்துச் செய்யும் சன்பர்ஸ்ட்டுக்கு (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் இருளும் நிறப்பூச்சு) எனக்கு அதுதான் தோது. மேலே வரும் மெருகின் கரைப்பானும் சாயத்தின் கரைப்பானும் ஒன்றாக இருந்தால் சாயம் கிளம்பி ஓடும். தண்ணீர்ச் சாயத்தின் மேல் தண்ணீர் மெருகைத் தூரிகையால் தடவாதீர்கள். நடுவில் மெழுகு நீக்கிய அரக்கை ஒரு மெல்லிய பூச்சாகத் தெளியுங்கள்.

நிறத்தை லாக்கரில் (விரைவில் காயும் மெருகு) கலந்து தெளிப்பதும் ஒரு முறைதான், ஆனால் அது மரத்தின் மேல் விரித்த வண்ணக் கண்ணாடி. ஓரங்களை இருளாக்க நல்லது. நடுவில் அதிகமானால் ரேகை மங்கும்.

எதைச் செய்தாலும் அதே பலகையின் ஓரத்துண்டில், முதல் தேய்ப்பிலிருந்து கடைசிப் பூச்சுவரை முழுவதும் செய்து பார்த்த பிறகே கிட்டாரைத் தொடுங்கள். வேறு பலகையின் துண்டு வேறு விடைதான் சொல்லும்.

சாயத்தில் வெளிறிய திட்டுகள் வந்துவிட்டன. ஏன்?

பெரும்பாலும் பசை. ஒட்டும்போது பிதுங்கிய பசையை ஈரத் துணியால் துடைத்தால் அது மரத்துக்குள் பரவிவிடும். ரப்பர் பதமாகும்வரை காத்திருந்து சுரண்டி எடுங்கள்.

எண்ணெயா, லாக்கரா, பாலியூரித்தேனா?

கண்ணுக்கு மட்டும் என்றால் எண்ணெய் சார்ந்தவை முன்னிற்கும். ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் நார்க்குழல்களுக்குள் நிறைவதால் ஒளி ஆழமாகப் போய்த் திரும்புகிறது. வால்நட், கோவா போன்ற, நிறம் தன்னிடமே இருக்கும் மரங்களுக்கு எண்ணெய் போதும். அவற்றுக்குச் சாயம் போடுவதை நான் விரும்புவதில்லை. எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அதற்குள் வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மெலிதாக அமரும், ஒவ்வொரு பூச்சும் முந்தையதைக் கரைத்து ஒன்றாகிவிடும், பழுதுபார்ப்பது எளிது. காலப்போக்கில் மஞ்சளாகும், குளிரும் வெப்பமும் மாறினால் நுண்வெடிப்பு விடும். தேன்நிற மேப்பிளில் அந்த மஞ்சள் ஓர் அருள். நீலத்தின் மேல் அதே மஞ்சள் ஏறினால் கிட்டார் பச்சையாகிவிடும். நீலம், ஊதா, வெள்ளைச் சாயல் கொண்டவற்றுக்கு நிறமாறாத தண்ணீர் மெருகையோ அக்ரிலிக் லாக்கரையோ எடுங்கள். தண்ணீர் மெருகு சற்றுக் குளிர்ந்த தோற்றம் தரும். அதன் அடியில் ஒரு பூச்சு அரக்கு கொடுத்தால் வெதுவெதுப்பு வந்துவிடும்.

இரண்டு கூறுகளைக் கலந்து தெளிக்கும் பாலியூரித்தேன் கடினமானது, கண்ணாடிபோல் மெருகேறும். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குத் தீங்கு. வெளியிலிருந்து காற்று தரும் முகமூடியும் தனித் தெளிப்பறையும் இல்லாதவர்கள் இதை வேறொருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

நுண்துளைகளை அடைக்க வேண்டுமா?

மேப்பிளுக்குத் தேவையில்லை. மஹோகனி, ஆஷ், வால்நட், கோவா ஆகியவற்றுக்குக் கண்ணாடி மெருகு வேண்டுமென்றால் தேவை.

ஸ்பால்டட், பர்ல் பலகைகளை நம்பலாமா?

மேல்தோலாக நம்பலாம், எலும்பாக நம்பக்கூடாது. ஸ்பால்டட் மரத்தின் அழகு பூஞ்சை தின்ற அழகு. சில இடம் நகத்தால் அழுத்தினாலே அமுங்கும். தேய்க்கும்போது மென்மையான இடம் பள்ளமாகும், கடினமான இடம் மேடாகும். மெல்லிய சயனோஅக்ரிலேட் பசையை அங்கங்கே ஊறவிட்டு இறுக்கலாம். முழுப்பலகையிலும் முதலில் அரக்கு பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் பசை பட்ட இடம் கறையாக நிற்கும். தூளில் பூஞ்சை வித்துகள் இருக்கும். நல்ல முகமூடி கட்டாயம்.

ரேகை மரத்தால் ஒலி மேம்படுமா?

திடவுடல் எலெக்ட்ரிக் கிட்டாரில் ரேகைக்காகத் தனி ஒலி உண்டு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பிக்கப், அதன் உயரம், கம்பி, பிரிட்ஜ், ஃப்ரெட் வேலை இவற்றுக்குக் கொடுக்கும் கவனம்தான் ஒலியாகத் திரும்பி வரும். ரேகை மரத்தைக் கண்ணுக்காக வாங்குங்கள். அது குறைந்த காரணமல்ல.

கழுத்துக்கு ஃபிளேம் மேப்பிள் வைக்கலாமா?

வைக்கலாம், நிதானத்தோடு. நெளிந்த நார் நேர்நாரைப்போல் கம்பியின் இழுவையை நீளவாக்கில் தாங்காது. வளையங்கள் செங்குத்தாக நிற்கும் அறுப்பைத் தேர்ந்தெடுங்கள்; முரட்டு அலைகளைத் தவிர்த்து நெருக்கமான சிறு அலைகளை எடுங்கள்; இரு பக்கமும் வேலை செய்யும் டிரஸ் ராடும் (கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் தண்டு), அதன் இருபுறம் கார்பன் கம்பிகளும் வையுங்கள். தோராயமாக வெட்டிச் சில வாரம் விட்டு, முறுக்கியிருந்தால் அதை அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

வெயிலில் நிறம் போகுமா?

போகும். கிப்சன் 1952இல் பொன்னிற முகத்தோடு வெளியிட்ட லெஸ் பால், 1958 முதல் 1960 வரை மேப்பிள் ரேகை தெரியும் சன்பர்ஸ்ட்டில் வந்தது. அதன் சிவப்பு ஒளிபட்டு மங்கி, பல கிட்டார்கள் எலுமிச்சை மஞ்சளாகவும் தேநீர் நிறமாகவும் மாறின. இன்று அந்த மங்கலையே விரும்பித் தேடுகிறார்கள். உங்கள் வாடிக்கையாளர் அப்படி விரும்பாவிட்டால் உலோகக் கூட்டுச் சாயங்களை எடுங்கள். பழைய அனிலின் வகைகளைவிட ஒளியைத் தாங்கும்.

ஃபிங்கர்போர்டுக்கு ரோஸ்வுட் வைத்தால் நாடு கடந்து அனுப்புவதில் சிக்கல் வருமா?

பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 2017 ஜனவரியில் மற்ற ரோஸ்வுட் இனங்கள் அனைத்தும் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. 2019 நவம்பரில், அந்த இரண்டாம் பட்டியல் ரோஸ்வுட் கொண்ட முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. வெறும் பலகைக்கு அந்த விலக்கு இல்லை. மேப்பிளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கடைசிப் பூச்சு முடிந்தது. எப்போது மெருகேற்றலாம்?

நைட்ரோ என்றால் மூன்று, நான்கு வாரம். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். அப்போது மட்டப்படுத்தினால், பின்னால் சுருங்கி நார்த்தடம் மறுபடி மேலே தெரியும். கழுத்துக் குழிக்குள் மூக்கை வைத்து மோந்து பாருங்கள், லாக்கர் வாடை இருந்தால் இன்னும் நாளாகவில்லை. வாடை நின்றபின் 800, 1000, 1500, 2000 என்று நீர்விட்டுத் தேய்த்துப் பிறகு பஃப் செய்யலாம். விளிம்புகளில் பூச்சு எப்போதும் மெலிது; கட்டையை விளிம்புக்கு ஒரு விரல் முன்பே நிறுத்தி, விளிம்பைக் கடைசி எண் தாளால் மட்டும் தொடுங்கள். அங்கே பூச்சைத் தேய்த்துச் சாயம்வரை போய்விட்டால், அந்த இடத்தில் மட்டும் சாயத்தைத் தொட்டுவைத்து மேலே லாக்கர் விடலாம். நைட்ரோவில் தடம் தெரியாமல் கலந்துவிடும். பாலியூரித்தேனில் ஒட்டின் விளிம்பு கோடாகத் தெரியும், அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி பூச வேண்டியிருக்கும்.